மூட்டையில் மடிந்து கிடந்த தோல் ஜாக்கெட்: கேள்வி பதில்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் 27 வருஷமாகத் தோல் பொருள் பழுது பார்க்கிறேன். சோறு போடுவது பையும் பெல்ட்டும்தான். பழைய ஜாக்கெட் வேலை ஆசைக்குச் செய்வது. மடிப்பு விழுந்த ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் கேளுங்கள் என்று சொன்னேன், நினைத்ததைவிட அதிகம் வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

ஜெலுத்தோங்கிலிருந்து: அண்ணே, லோரோங் கூலிட் சந்தையில் 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் கறுப்பு ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். நாலாக மடித்து மூட்டையில் கிடந்திருக்கும் போல, முதுகில் கூட்டல் குறி போட்ட மாதிரி மடிப்பு. முதலில் என்ன செய்யணும்?

கூலிட் என்றாலே மலாயில் தோல். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள் தம்பி. முதலில் ஒன்றுமே செய்யாதீர்கள். தோள் பக்கம் தடித்த, அகலமான கோட் ஹேங்கரில் மாட்டி, ஜிப்பை மூடி, மூன்று நான்கு நாள் காற்றோட்டத்தில் விடுங்கள். கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோளில் கொம்பு முளைத்துவிடும், பிறகு அதற்குத் தனி வைத்தியம்.

தோலைத் துணி என்று நினைக்கிறோம், அதுதான் தப்பு. கொலாஜன் நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கொண்ட ஒரு மெத்தை அது. நார்களுக்கு இடையே கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் கொழுப்பும் இருப்பதால்தான் வழுக்கிக்கொண்டு வளைகிறது. மடித்து, மேலே பாரம் ஏற்றி வருஷக்கணக்கில் வைத்தால் நார்கள் அந்த வளைவிலேயே படிந்துவிடும். திரும்ப நகர்த்த வேண்டுமென்றால் எடை, இளஞ்சூடு, துளி ஈரம், நேரம். இதில் மக்கள் சூட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நான் நேரத்தைத்தான் நம்புகிறேன்.

நான்காம் நாள் காலர் உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிறது, கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். கை பட்டாலும் கறை நிற்கும், ஜாக்கிரதை.

அடுத்து, மேசையில் சுத்தமான துண்டை விரித்து ஜாக்கெட்டைப் பரப்புங்கள். மடிப்புக்கு நேரே உள்துணியை, பிழிந்தெடுத்த ஈரத்துணியால் லேசாக ஒற்றுங்கள். வெளிப்பக்கம் வேண்டாம். ஐந்து நிமிஷம் விட்டு, உள்ளங்கையை மடிப்பின் மேல் வைத்து அழுத்தி, அப்படியே மடிப்பிலிருந்து விலக்கித் தள்ளுங்கள். தேய்க்கக்கூடாது, தள்ள வேண்டும். கைச்சூடே போதும். பத்து தடவை தள்ளியதும் அந்த இடம் மற்ற இடத்தைவிட இளகியிருப்பது விரலுக்குத் தெரியும். அப்போது வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு, மேலே நாலைந்து கனமான புத்தகத்தை ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் திரும்ப ஹேங்கர். இப்படி மூன்று சுற்று. என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

செந்தூலிலிருந்து: குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு நீராவியில் தொங்கவிடச் சொன்னார்கள். செய்தேன். மடிப்பு கொஞ்சம் போனது உண்மை. இப்போது கை முழுக்க வெள்ளைப் புள்ளி!

பூஞ்சை. அந்த யோசனை குளிர்நாட்டுக்காரர்களுடையது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும், வீட்டுக் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும், தோலும் காய்ந்திருக்கும், அதற்கு நீராவி மருந்து. தோலுக்குப் பிடித்த காற்று ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம். கோலாலம்பூரில் சராசரியே 80-ஐ ஒட்டி நிற்கிறது. 65, 70-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கல்யாணம். அதில் நீராவி வேறு ஏற்றினால்?

வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்து பறந்து மற்ற துணியிலும் உட்காரும். வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷால் துடையுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டு ஒற்றியெடுங்கள். அதற்கு முன் கக்கத்துப் பக்கம் ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், நிறம் துணியில் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஏர்கான் அறையில், காற்று நேரே படாமல் இரண்டு நாள் காயட்டும். உள்துணியை மறக்காதீர்கள். பூஞ்சை பாதி நேரம் அங்கேதான் குடியிருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: அயர்ன் பண்ணலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம் வாடிக்கையாளர் ஜாக்கெட் ஒன்றை அயர்ன் பண்ணினேன். அவசரம், அன்று சாயங்காலம் அவருக்கு வேண்டும். ஈரத்துணி போட்டுத்தான் தேய்த்தேன். காலர் முனை என் கண்ணெதிரே, சூட்டில் பட்ட அப்பளம் மாதிரி மெதுவாகச் சுருண்டது. சத்தம்கூட இல்லை. தொட்டால் கொட்டாங்கச்சி. மூன்று மாதச் சம்பளத்தில் கழிந்தது.

ஏன் சுருண்டது என்று பிறகுதான் படித்தேன். ஈரமான தோலுக்கு ஒரு சுருங்கும் சூடு உண்டு. குரோம் உப்பில் பதனிட்டது 100 டிகிரி வரை தாங்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது 70, 85-க்குள் சுருண்டுவிடும். வயதாகி நலிந்த தோல் இன்னும் கீழேயே. அயர்னில் ஒற்றைப் புள்ளி வைத்தாலே 110 வரை போகும். ஈரத்துணி போட்டது பாதுகாப்பு என்று நினைத்தேன், அதுதான் காலை வாரியது.

கட்டாயம் செய்தே ஆகவேண்டும் என்றால்: தோல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், நீராவி அடைத்திருக்க வேண்டும், ஆகக் குறைந்த சூடு, நடுவில் உலர்ந்த பருத்தித் துணி, ஓரிடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. பழைய ஜாக்கெட்டுக்கு நான் இதைக்கூடச் செய்வதில்லை. ஹேர்டிரையரும் அதே ஆபத்துதான், வாய் மட்டும் சின்னது.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அக்கா: தேங்காயெண்ணெய் தடவினால் மெத்தென்று ஆகி மடிப்பு போகும் என்று என் மாமியார் சொல்கிறார்.

மெத்தென்று ஆகும் அக்கா, பொய்யில்லை. ஆனால் திட்டுத் திட்டாகக் கறுக்கும், கையில் ஒட்டும், தூசியை இழுக்கும், கொஞ்ச நாளில் சிக்கு வாடையும் வரும். எண்ணெய் கூடிய தோல் தளர்ந்து தொங்கும், தையலும் விட்டுக்கொடுக்கும். மாமியாரிடம் தலைக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள். தோலுக்கென்று வரும் கண்டிஷனர் போதும், அதுவும் கடுகளவு, மடிப்பு எடுத்த பிறகு. முன்னாடி தடவினால் மடிந்த இடமே அதிகம் குடித்து, கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். நிறம் மாற்றாதது வேண்டுமென்றால் பிக் 4 பரவாயில்லை.

செராஸிலிருந்து: மடிப்பு விழுந்த இடத்தில் உரிந்து உரிந்து வருகிறது, அடியில் துணி தெரிகிறது.

அது தோலே இல்லை. பாலியூரித்தேன் பூசிய துணி. நம் ஊர் ஈரத்தில் அந்தப் பூச்சு தானாகவே சிதையும், மருந்து கிடையாது. காசைச் செலவழிக்காதீர்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து: தாத்தா வைத்திருந்த பழுப்பு ஜாக்கெட். குதிரைத்தோல் என்று அப்பா சொல்கிறார். மடிப்பைத் தொட்டால் விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டுகிறது.

நிறுத்துங்கள், அந்த மடிப்பை விரிக்காதீர்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பழைய தோலைக் காற்றிலுள்ள அமிலம் அரித்தால் இப்படிச் சிவப்புப் பொடியாகும். நார்களே அறுந்துபோன நிலை அது. நீட்டினால் கிழியும், தண்ணீர் பட்டால் கறுத்து விறைக்கும். திரும்பப் பழையபடி ஆக்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அமிலமில்லாத காகிதத்தைச் சுருட்டி மடிப்புக்குள் வைத்து, படுக்கவைத்தே வையுங்கள்.

குதிரைத்தோலில் நம்ப முடியாத விஷயம் ஒன்றும் இல்லை. 1931-இல் அமெரிக்க ராணுவ விமானிகளுக்கு வந்த ஏ-2 ஜாக்கெட்டிலேயே நிறையக் குதிரைத்தோல் உண்டு. ஒரு நாள் கடைக்குக் கொண்டு வாங்க, பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

பங்சாரிலிருந்து: டோபி கடையில் டிரை கிளீனிங் போட்டால்?

சாதாரண டோபியில் வேண்டாம். அந்தக் கரைப்பான் தோலுக்குள் இருக்கிற கொழுப்பையும் சேர்த்து இழுத்துவிடும், மடிப்பு போய் விறைப்பு வரும்.

தஞ்சோங் பூங்காவிலிருந்து: முழங்கைச் சுருக்கம் போகவே மாட்டேன் என்கிறது. அப்புறம், எடுத்து வைப்பது எப்படி?

முழங்கைச் சுருக்கம் என்பது ஜாக்கெட்டைப் போட்டிருந்தவரின் கை. அதை ஏன் எடுக்கிறீர்கள்?

வைப்பதற்கு: பிளாஸ்டிக் உறை கூடாது, பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். அலமாரியில் இரு பக்கமும் நாலு விரல் இடம் இருக்கட்டும். ஈரம் உறிஞ்சும் டப்பா வைப்பவர்கள் கவனிக்கவும். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு, உறிஞ்சியதெல்லாம் அடியில் உப்புத் தண்ணீராக நிற்கும். அது சாய்ந்து தோலில் பட்டால் அந்த இடம் சூம்பிப் போகும், எவராலும் சரிசெய்ய முடியாது. ஜாக்கெட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் உத்தமம். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, நிழலில் அரை நாள். முடிந்தால் போட்டுக்கொண்டு கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயிலில் ஏறுங்கள், மேலே காற்று கொஞ்சம் குளிராக இருக்கும், ஜாக்கெட்டுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

திரும்பவும் ஜெலுத்தோங் தம்பி: மூன்று சுற்று முடிந்தது அண்ணே. ஒரு கோடு மட்டும் அப்படியே நிற்கிறது.

இரண்டு கட்டைவிரலால் கோட்டின் இரு பக்கமும் லேசாக விரித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது மடிப்பு இல்லை, மேல்பூச்சு வெடித்திருக்கிறது. எத்தனை புத்தகம் வைத்தாலும் போகாது, நிறம்தான் தொட்டுப் பூச வேண்டும். உள்ளேயும் கறுப்பாகவே இருந்தால் இன்னும் ஒரு சுற்று.