பெண் ஓவியர்கள், வடிவமைப்பாளர்கள் பற்றி இணையத்தில் எங்கே தேடிப் படிக்கலாம்?

"பெண் ஓவியர்கள்" என்று தேடினால் ஃப்ரீடா காலோவில் ஆரம்பித்து அதே பத்துப் பேர்தான் வருகிறார்கள், அதைத் தாண்டி எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நிறைய நாள் அலைந்தேன்.

முதலில் அவேர் (AWARE) தளத்துக்குப் போங்கள். பெண் கலைஞர்களுக்காகவே கமில் மொரினோ 2014-இல் பாரிஸில் தொடங்கிய அமைப்பு இது. ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் விஷயம் தெரிந்தவர்கள் எழுதிய குறிப்புகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வாஷிங்டனில் 1987-இல் திறந்த பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் தளமும் அறிமுகத்துக்கு நல்லது.

அதற்கு அப்புறம் பட்டியல்களை விட்டுவிட்டு ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் எனக்குப் பலன் தந்த வழி. நான் பிடித்தது 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யூடித் லைஸ்டரை. அவர் இறந்த பிறகு பெயரே மறைந்துபோய், படங்கள் பல அதே காலத்து ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் கணக்கில் சேர்ந்துவிட்டன. 1893-இல் ஹோஃப்ஸ்டீட டி க்ரூட் என்ற ஆய்வாளர், ஹால்ஸ் வரைந்ததாக நம்பப்பட்ட ஒரு படத்தில் லைஸ்டரின் முதலெழுத்துகளும் ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரமும் இருப்பதைக் கவனித்தார். லைஸ்டர் என்றால் வழிகாட்டும் நட்சத்திரம், தன் பெயரையே கையெழுத்தாக வரைந்து வைத்திருக்கிறார்! அவருடைய தன்னுருவ ஓவியம் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தின் தளத்தில் இருக்கிறது, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கை நிறையத் தூரிகைகள், சிரித்த முகம், பக்கத்தில் பாதி முடிந்த பிடில்காரன் படம். அந்தப் பிடில்காரனுக்கு அடியில் முதலில் ஒரு பெண்ணின் முகத்தை வரைந்திருந்தார் என்பது அகச்சிவப்புப் பரிசோதனையில் தெரியவந்தது.

வடிவமைப்பில் சிக்கல் வேறு மாதிரி. கூட வேலை பார்த்த ஆணின் பெயரில்தான் பொருள் பிரபலமாகியிருக்கும். பார்சலோனா நாற்காலி என்றதும் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ பெயர்தான் வரும், அவரோடு வேலை பார்த்த லில்லி ரைக் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1929 முதல் நடத்திய கண்காட்சிகளின் ஆவணங்களை இணையத்தில் போட்டிருக்கிறது, அதில் 1949-இல் நடந்த ஆனி ஆல்பர்ஸ் நெசவுக் கண்காட்சியைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்று இருப்பதால் பாதிப் பேர் தேடலில் சிக்க மாட்டார்கள். கெட்டி (Getty) நிறுவனத்தின் கலைஞர் பெயர்த் தொகுப்பில் (ULAN) ஒருவருடைய எல்லாப் பெயர்களும் ஒரே இடத்தில் இருக்கும். மரியா சிபில்லா மேரியன் ஒரு காலத்தில் கணவர் பெயரான கிராஃப் என்பதைச் சேர்த்துத்தான் புத்தகம் போட்டார். 52 வயதில் மகளோடு கப்பலேறி சுரினாம் போய்ப் பூச்சிகளை வரைந்தவர் அவர். 1705-இல் வந்த அந்தச் சுரினாம் புத்தகம் பல்லுயிர் மரபு நூலகத் (Biodiversity Heritage Library) தளத்தில் முழுசாகவே இருக்கிறது. முதல் படம் ஒரு அன்னாசி, அதன்மேல் ஊரும் கரப்பான்பூச்சிகள்.