உளவியல் படிக்கும் மகள் வெளியுறவுத் துறைக்குப் போக முடியுமா?

வணக்கம் அம்மா.

மகள் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இப்போது வெளியுறவு, அரசுக் கொள்கை என்று பேசுகிறாள், படிப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். ஏன் என்று சொல்ல, வட ஐரோப்பாவில் இருக்கும் சிறிய நாடான எஸ்டோனியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தோமஸ் ஹென்ட்ரிக் இல்வெஸைத்தான் உதாரணம் காட்டுவேன்.

அவருடைய பெற்றோர் எஸ்டோனியாவிலிருந்து வெளியேறிய அகதிகள். 1953இல் ஸ்டாக்ஹோமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டம், பென்சில்வேனியாவில் அதிலேயே முதுகலை. அப்புறம் ஆசிரியர் வேலை. கனடாவில் எஸ்டோனிய இலக்கியமும் கற்பித்தார். அந்த வயதில் அவரைப் பார்த்திருந்தால் 'பிள்ளை ஒரு இடத்தில் நிலைக்கவில்லையே' என்று நீங்களும் நானும் கவலைப்பட்டிருப்போம்.

1984இல் மியூனிக்கில் ரேடியோ ஃப்ரீ யூரோப்பில் சேர்ந்தார். சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்டோனியாவுக்கு எஸ்டோனிய மொழியிலேயே செய்தி ஒலிபரப்பிய நிலையம் அது. முதலில் ஆய்வாளர், பிறகு அந்த மொழிப் பிரிவுக்கே தலைவர். தன் நாட்டில் என்ன நடக்கிறது என்று படித்து, அலசி, எழுதுவதே வேலை. 1991இல் எஸ்டோனியா மறுபடி சுதந்திரம் பெற்றபோது, மேற்கு நாடுகளையும் தாய்மொழியையும் ஒருசேர அறிந்தவர்கள் அதற்குத் தேவைப்பட்டார்கள். 1993இல் அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டு, அதே அமெரிக்காவுக்கு எஸ்டோனியத் தூதராகப் போனார். 1996 முதல் 1998 வரையிலும், மீண்டும் 1999 முதல் 2002 வரையிலும் வெளியுறவு அமைச்சர். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கான பேச்சுவார்த்தை நடந்த காலம் அது. 2006 முதல் பத்தாண்டுகள் குடியரசுத் தலைவர்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. பள்ளியிலேயே அவர் கணினி நிரல் எழுதக் கற்றிருந்தார். அதையே தொழிலாக்கிக்கொள்ளவில்லை. ஆனால் 1996இல் எஸ்டோனியா அறிவித்த 'புலிப் பாய்ச்சல்' திட்டத்துக்கு, அதாவது பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கணினியும் இணையமும் கொண்டுபோகும் திட்டத்துக்கு, யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது, அதை மறைக்க மாட்டேன். நாடு விடுதலை பெறாமல் இருந்திருந்தால் தூதர் பதவியே இல்லை. அதனால் உங்கள் மகள் பதவியைக் குறிவைத்துப் படிக்க வேண்டாம். எந்த ஆட்சி வந்தாலும் உதவுகிற திறமைகளைச் சேர்க்கட்டும்.

உளவியலை முடிக்கட்டும். அதிலேயே வரும் புள்ளியியலை விருப்பத்தோடு படித்து, கூடவே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கற்கட்டும். ஒரு வெளிநாட்டு மொழியைத் தொடங்கலாம். வாரம் ஒரு அரசு அறிவிப்பை எடுத்து, அது யாரைப் பாதிக்கும் என்று இரண்டு பக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பழகட்டும். இந்த எழுத்துப் பழக்கம் இல்லாமல்தான் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் திணறுகிறார்கள். செமஸ்டர் விடுமுறையில் என்னிடம் வரும்போது, அப்படி எழுதியவற்றில் மூன்றை எடுத்துவரச் சொல்லுங்கள். முதுகலைக்கு எந்தத் துறை என்பதை அவற்றைப் படித்துவிட்டுப் பேசலாம்.