ஸ்டீராய்டை நிறுத்தும்போது பிள்ளையின் மூளைக்கு என்ன ஆகும்?

ஏழு மாத மகனுக்குத் தலை கவிழ்ந்து கை விரிகிற வலிப்பு. ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் கொடுத்து இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. இனியும் எதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்? (கருங்கல்)

சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அம்மா. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் உடம்புக்குத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அது தூங்கிவிடும். திரும்ப விழிக்க வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். பால் குடிக்கத் தெம்பிருக்காது, எழுப்பினாலும் கண் செருகும், வலிப்பே வரலாம். இதை மாந்தம் என்று நினைத்து, உரைமருந்து கொடுத்து விடியட்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். காத்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, பக்கத்து ஆஸ்பத்திரியோ, வாசலிலேயே "ஸ்டீராய்டு எடுத்த பிள்ளை" என்று சொல்லுங்கள். முதலில் சர்க்கரையைப் பார்ப்பார்கள்.

அப்புறம், இந்த சிரப் 5 மில்லியில் 5 மி.கி., 15 மி.கி. என்று இரண்டு வீரியத்தில் வருகிறது. புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள்.

மருந்தைக் குறைத்ததும் ஓயாத அழுகை, வாந்தி. உச்சிக்குழி உப்பின மாதிரி இருக்கிறது. (குளச்சல்)

இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது சில பிள்ளைகளுக்குத் தலைக்குள் அழுத்தம் கூடும். அழும்போது எந்தப் பிள்ளைக்கும் உச்சிக்குழி உப்பும். அழுகை அடங்கியதும் தோளில் நிமிர்த்திப் பிடித்து, விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். சமமாகவோ லேசாகக் குழிந்தோ இருந்தால் சரி. அப்போதும் புடைத்து விறைப்பாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைக் குறைப்பதால் மூளைக்காய்ச்சல் இல்லை என்பதையும் உறுதி செய்தாக வேண்டும்.

இடுப்பு மடிப்பில் புண்ணுக்கு மெடிக்கலில் தந்த க்ரீமை மூன்று மாதமாகப் போடுகிறோம். முகம் உருண்டு வருகிறது. க்ரீமுக்கும் இது பொருந்துமா? (மார்த்தாண்டம்)

பொருந்தும். என்னிடம் வந்த ஒரு பாட்டி, முந்தானையில் முடிந்திருந்த ட்யூபை எடுத்துக் காட்டினார். வாலிலிருந்து மடித்து மடித்துப் பிதுக்கியிருந்தது. அது நாலாவது ட்யூபாம். க்ளோபெட்டசால் என்று எழுதியிருந்தது. மிக வீரியமான ஸ்டீராய்டு அது. பிள்ளையின் தோல் மெல்லியது, மேலே டயப்பரும் மூடியிருக்க, மருந்து நேரே ரத்தத்துக்குப் போய்விடும். உங்கள் க்ரீமும் ஸ்டீராய்டாக இருந்தால், முகம் உருண்டதும் அதனால்தான் இருக்கும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் இப்படியே மாதக்கணக்கில் தொடரவும் வேண்டாம். ட்யூபோடு நாளைக்கே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்பது மாதத்தில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசியைப் போடலாமா? (தோவாளை)

ஸ்டீராய்டை அதிக அளவில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால், நிறுத்தி ஒரு மாதமாவது போகட்டும். நிறுத்திய தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள். செவிலியரும் அதைப் பார்த்துத்தான் நாள் சொல்வார்.