நடுவில் சர்வர் இல்லாமல் கணினிகள் ஒத்துப்போவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், நடுவில் சர்வர் இல்லாமல் கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் பியர்-டு-பியர் நெட்வொர்க்கில் ஒரு ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: 1999-இல் வந்த நாப்ஸ்டரில் ஃபைல்கள் பயனர்களிடம் இருந்தன, பட்டியல் மட்டும் நிறுவனத்திடம். 2001-இல் வழக்கு அந்த ஓரிடத்தைப் பிடித்ததும் சேவையே நின்றுபோனது. நூட்டெல்லா பட்டியலையே விட்டுவிட்டு, கேள்வியைப் பக்கத்துக் கணினிகளுக்கெல்லாம் பரப்பியது. ஆட்கள் கூடக்கூட, கேள்விகளே இணைப்பை அடைத்துக்கொண்டன.

நல்ல விடை டிஎச்டியில், அதாவது பட்டியலைக் கணினிகளுக்கே பங்குபோட்டுக் கொடுக்கும் முறையில் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது 2002-இல் வந்த கடெம்லியா. அதில் கணினிக்கும் ஃபைலுக்கும் ஒரே மாதிரி 160 பிட் எண். ஃபைலின் எண்ணுக்கு மிக நெருங்கிய கணினிகளிடம்தான் அதைப் பற்றிய தகவல் இருக்கும். இரண்டு எண்களை எக்ஸார் செய்தால் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாயிருந்தால் 0) வருவதுதான் தூரம். நாலு பிட்டில் போட்டுப் பாருங்கள். நான் 0011, தேடுவது 1011. எக்ஸார் 1000, தூரம் 8. எனக்குத் தெரிந்தவர்களில் 1110 இருக்கிறார். அவருக்குத் தூரம் 5. அவரிடம் கேட்டால் 1010-ஐக் காட்டுகிறார், தூரம் 1. ஒவ்வொரு தாவலிலும் ஒரு பிட்டாவது கூடுதலாகப் பொருந்தி, தேட வேண்டிய கணினிகள் பாதியாகக் குறைவதால், பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் சுமார் 20 தாவலுக்குள் முடிந்துவிடும். முழு வரைபடம் யாரிடமும் இல்லை. இருந்தும் வழி தவறுவதில்லை!

கேள்வி: கணினிகள் வருவதும் போவதுமாக இருக்குமே, ஒவ்வொருவரும் வைத்திருக்கும் தெரிந்தவர்களின் முகவரிகள் பழசாகிவிடாதா?

பதில்: ஆகும். அதனால்தான் கடெம்லியா பழையவர்களை விடுவதில்லை. வெகுநேரம் இணைப்பில் இருந்தவர் இன்னும் இருப்பார் என்பது நூட்டெல்லாவை அளந்து பார்த்ததில் தெரிந்தது. முகவரிப் பட்டியலில் இடம் நிரம்பியிருந்தால், பேசி அதிக நேரமானவரிடம் முதலில் "இருக்கிறீர்களா?" என்று கேட்கும். பதில் வந்தால் புதியவருக்கு இடமில்லை.

கேள்வி: ஒரே ஆள் ஆயிரம் பொய்க் கணினிகளாக வந்து நின்றால்?

பதில்: இதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். அடையாளத்துக்குப் பொறுப்பேற்கும் மையம் இல்லாவிட்டால் நடைமுறையில் இதை முழுசாகத் தடுக்க முடியாது என்று 2002-இலேயே டூசர் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். பிட்காயின், எந்தப் பதிவு செல்லும் என்பதற்கான வாக்கை அடையாளத்திலிருந்து பிரித்து, செய்த கணக்கு வேலையோடு கட்டியது. அதற்கு விலை மின்சாரம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பிட்காயின் மாதிரி பிளாக்செயின் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். உறுப்பினர்கள் யார் யார் என்று தெரிந்திருந்தால், ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து எல்லாரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் ராஃப்ட் அல்காரிதம் போதும். அவர்களில் சிலர் பொய் சொல்லக்கூடும் என்றால் 1999-இல் வந்த பிபிஎஃப்டி என்ற அல்காரிதம் இருக்கிறது. ஒரு பொய்யரைத் தாங்க நாலு கணினிகள் வேண்டும்.

கேள்வி: ஒருமித்த முடிவு சாத்தியமே இல்லை என்று 1985-இல் நிரூபித்துவிட்டார்களாமே, பிறகு ராஃப்ட் எப்படி ஓடுகிறது?

பதில்: ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் நிரூபித்ததைச் சரியாகச் சொல்லவேண்டும். செய்தி வந்துசேர நேர வரம்பே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு கணினி செத்துப்போகலாம் என்றாலும், எப்போதும் முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி தரும் நிர்ணயமான (தற்செயலைச் சேர்க்காத) அல்காரிதம் கிடையாது. காரணம், தாமதமாகப் பேசுகிறவரையும் செத்தவரையும் பிரித்தறிய வழியில்லை. ராஃப்டுக்கு முன்னோடியான பாக்ஸோஸும் ராஃப்டும் தப்பான முடிவை ஒருபோதும் எடுக்காது. நெட்வொர்க் மோசமானால் முடிவெடுக்காமல் காத்திருக்கும், அவ்வளவுதான். இருவர் ஒரே நேரத்தில் தலைமைக்குப் போட்டியிட்டு வாக்கு பிரியாமலிருக்க, ராஃப்டில் ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரத்தைத் தற்செயலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஐயா, ஆராய்ச்சி மாணவி நான். இதில் எதை எடுத்துச் செய்யலாம்?

பதில்: இன்னொரு ஒருமிப்பு அல்காரிதம் வேண்டாம் அம்மா. ஒருமிப்பே தேவைப்படாத இடங்களைத் தேடுங்கள். இந்தத் துறையின் சுவையே அங்கேதான். 2011-இல் ஷாபிரோ குழு வகுத்த சிஆர்டிடியிலிருந்து, அதாவது தனித்தனியே மாற்றினாலும் மோதாமல் ஒன்றுசேரும் தரவு வகைகளிலிருந்து தொடங்கலாம். பதிவுக்கு விழும் லைக்குகளை எண்ணும் ஓர் எண்ணியை இரண்டு கணினிகள் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் மட்டும் கூட்டும்: முதலாவதில் (3, 0), இரண்டாவதில் (0, 2). சந்திக்கும்போது கட்டத்துக்குக் கட்டம் பெரியதை எடுத்தால் (3, 2), மொத்தம் 5. செய்தி இரண்டு தடவை வந்தாலும், வரிசை மாறினாலும் விடை மாறாது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஆனால் கணக்கில் இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்துப் பாருங்கள்: இருவரும் ஒரே நேரத்தில் பணம் எடுத்தால் இந்த வழி உடைந்துவிடும். எந்த நிபந்தனை உடைக்கிறது, எது உடைப்பதில்லை என்பதற்கு கணினி அறிஞர் ஹெலர்ஸ்டைனின் காம் (CALM) தேற்றம் ஒரு எல்லைக்கோடு போடுகிறது. முதலில் அதைப் படித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒரு செயலியை எடுத்து, அதன் ஒவ்வொரு செயலும் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று எழுதிப் பாருங்கள்.