முகம் உப்பியிருக்கிறது, கை மெலிந்திருக்கிறது, ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. ரத்தப் புற்றுநோய்க்குக் கோவையில் சிகிச்சை நடக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த பிறகு எடை 13 கிலோவிலிருந்து 14.5 ஆகிவிட்டது. கன்னமும் வயிறும் உப்பியிருப்பதைப் பார்த்து ஊரில் எல்லோரும் 'பாப்பா தேறிட்டா' என்கிறார்கள். உணவியல் நிபுணரோ கையை டேப்பால் அளந்து, 12.1 செ.மீ.தான் இருக்கிறது, சத்துக் குறைவு என்கிறார். எதை நம்புவது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கையை நம்புங்கள், அம்மா. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். அதே சமயம் தசையைக் கரைக்கும். தராசுக்கு நீர், கொழுப்பு, தசை எல்லாம் ஒன்றுதான். சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ பெரிய கட்டி உள்ள குழந்தைகளுக்கு அந்தக் கட்டியின் எடையும் சேர்ந்துகொள்ளும். மெலிந்த குழந்தைகூட 'சரியான எடை' என்று தப்பிவிடும்.

மேல்கையில் நீரும் கொழுப்பும் அவ்வளவாகச் சேர்வதில்லை. அதனால் தசை குறைவது அங்கே தெரிந்துவிடும். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே போனால் சத்துக் குறைவு, 11.5-க்குக் கீழே போனால் கடுமையான சத்துக் குறைவு. உங்கள் மகள் முதல் கோட்டைத் தாண்டிவிட்டாள். இரண்டாவதுக்குப் போகாமல் தடுக்க இன்னும் இடமிருக்கிறது. இப்போதே தெரிந்தது நல்லது. சத்துக் குறைந்த குழந்தைக்குத் தொற்று எளிதில் வரும், கீமோவும் தள்ளிப்போகும்.

வீட்டிலும் வாரம் ஒருமுறை அளக்கலாம். இடது முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் குறியிடுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, டேப் சதையை அழுத்தாமலும் தொங்காமலும் சுற்றி அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். அந்தக் கையில் மருந்து ஏற்றும் குழாய் இருந்தால் மறுகையில் அளக்கலாம், ஆனால் எப்போதும் அதே கையாக இருக்கட்டும். அளப்பவரும் ஒருவராகவே இருப்பது நல்லது. தரையிலிருந்து எழ அவள் சிரமப்பட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் அளவை மட்டும் பார்த்து நிம்மதியோ பயமோ கொள்ள வேண்டாம். காய்ச்சல் வந்தாலே அது இறங்கிவிடும்.

ஸ்டீராய்டு நாட்களில் பசி அதிகம் இருக்கும். நம் மலையில் கைக்கு முதலில் வருவது வர்க்கியும் டீயும்தான். அவை வயிற்றை நிரப்பும், தசையை வளர்க்காது. அந்தப் பசிக்கு நன்றாக வேகவைத்த முட்டை, குழைய வெந்த அவரைக்கொட்டை, பட்டாணி, காய்ச்சிய பாலில் ராகிக் கஞ்சி என்று கொடுங்கள். உப்பைக் குறையுங்கள். சத்து மாத்திரை, டானிக் எதையும் கேட்காமல் தராதீர்கள். குறிப்பாக ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும். ஊற்றுத் தண்ணீர் என்றாலும் காய்ச்சித்தான் தர வேண்டும். மலையில் 100 டிகிரிக்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும் என்பதால், கொதி வந்த பிறகும் 3 நிமிடம் விடுங்கள்.

கோவைக்கு இறங்கும் நாளில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, அன்று முழுக்கச் சாப்பிடாமல் போகும் குழந்தைகள் பலர். கிளம்பும் முன் தர வாந்தி மருந்து எழுதித் தரும்படி கேளுங்கள். வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல், கைச் சுற்றளவும் இறங்கிக்கொண்டே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு தரலாம் என்பார்கள். நோய் முற்றிவிட்டதோ என்று பயந்து மறுத்துவிடாதீர்கள். வாய் ஆறி அவள் சாப்பிடத் தொடங்கியதும் அதை எடுத்துவிடுவார்கள்.