பங்க்கம் என்றால் பங்கமா?

கேள்வி: பழைய ஆங்கில நாவல்களில் கோபக்காரக் கிழவர்கள் ‘பங்க்கம்!’ என்று கத்துகிறார்கள். அகராதியோ ‘அபத்தம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. அவ்வளவுதானா? இப்போது யாராவது இதைப் பேசுகிறார்களா? – ஒரு வாசகி

பதில்: அகராதிக்கு இடப் பஞ்சம், பாவம். எனக்கு இந்த வாரம் முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

மானபங்கத்தில் வரும் பங்கத்துக்கும் இதற்கும் ஸ்நானப்ராப்தி இல்லை. இது ஒரு ஊர்ப்பெயர். அமெரிக்காவில், வடக்கு கரோலினாவின் மலைப்பக்கம் பன்கோம்ப் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. எழுதுவதுதான் பன்கோம்ப், வாயில் வருவது பங்க்கம்.

1820 பிப்ரவரி. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை. மிசௌரியை மாநிலமாகச் சேர்க்கலாமா, சேர்த்தால் அங்கே அடிமை முறை இருக்கலாமா என்று இழுத்துக்கொண்டே போன விவாதம். உறுப்பினர்கள் சலித்துப்போய் ‘ஓட்டெடுப்புக்கு விடுங்கள்’ என்று குரல் கொடுக்கும் நேரத்தில், பன்கோம்ப் பகுதியின் உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் பேச எழுந்தார். உட்காரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்கள். மனிதர் மசியவில்லை. தொகுதி ஜனங்கள் என்னிடம் ஒரு பேச்சை எதிர்பார்க்கிறார்கள், பன்கோம்ப்புக்காக நான் பேசியே ஆகவேண்டும் என்றாராம்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன, ஊரில் பெயர் வரவேண்டும். எல்லா அரசியல்வாதிகளும் மனசுக்குள் வைத்திருப்பதை இவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ‘பன்கோம்ப்புக்குப் பேசுவது’ அரசியல் வட்டாரக் கேலியாயிற்று. போகப்போக எழுத்தும் தேய்ந்து பங்க்கம் ஆயிற்று. இதில் எனக்குப் பரிதாபமாகத் தெரிபவர் வாக்கர் இல்லை, எட்வர்ட் பன்கோம்ப். அமெரிக்க விடுதலைப் போரில் காயம்பட்டுப் பிடிபட்டு, 1778இல் கைதியாகவே செத்துப்போன கர்னல். அவருக்கு மரியாதை செய்யத்தான் அந்தக் கவுண்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள்!

ஆகவே அம்மா, ‘உளறல்’ என்று போட்டால் பாதிப் பொருள் நழுவிவிடும். உளறுகிறவனுக்குத் தான் உளறுவது தெரியாது. பங்க்கம் பேசுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கதை வந்தது. தேர்தல் மேடையில் வேட்பாளர் அள்ளி விடுகிறார். கூட்டத்தில் ஒருவர் ‘பங்க்கம்!’ என்கிறார். மொழிபெயர்ப்பாளர் ‘மடத்தனம்!’ என்று எழுதியிருந்தார். வேட்பாளர் மடையனாக இருந்தால் கதையே இல்லையே! ஓரத்தில் பென்சிலால் ‘சவடால்?’ என்று குறித்து அனுப்பினேன். அவர் அதையும் அடித்துவிட்டு ‘வாய்ப்பந்தல்’ என்று போட்டுத் திருப்பி அனுப்பினார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது பேசுகிறார்களா? பிரிட்டிஷ் பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறவர்கள் அவ்வப்போது எடுத்து வீசுவார்கள். இளைஞர் வாயில் வராது. ஆபாசம் கிடையாது, பெரியவர்கள் முன்னால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஆபீஸ் கடிதத்தில் எழுதினால் நாடக வசனம் மாதிரி இருக்கும். ஒரு இலக்கணக் குறிப்பு: ‘கோபம்’ மாதிரி இதுவும் எண்ணிக்கைக்குள் அடங்காத சொல். முன்னால் ‘எ’ போடாதீர்கள், பின்னால் ‘எஸ்’ ஒட்டாதீர்கள்.

கேள்வி: ‘பங்க்’ என்பதும் இதுதானா? அப்படியென்றால் நாங்கள் கிளாஸை பங்க் அடிப்பது? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: முதல் கேள்விக்கு ஆமாம். பங்க்கத்தின் வாலை வெட்டினால் பங்க். சரித்திரமே ஏறக்குறைய பங்க்தான் என்று ஹென்றி ஃபோர்டு 1916இல் ஒரு பேட்டியில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். 1923இல் வில்லியம் உட்வர்ட் என்ற அமெரிக்க நாவலாசிரியர் இதற்கு முன்னால் ஒரு ‘டி’ சேர்த்து ‘டிபங்க்’ செய்தார். ஒரு கப்ஸாவைக் காற்றிறக்குவது என்று பொருள். இன்று வாட்ஸ்அப் வதந்திகளை உடைக்கிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பிழைப்பு.

நீங்கள் அடிக்கிற பங்க் வேறு. அது நழுவி ஓடுவதற்கான பிரிட்டிஷ் கொச்சை. எழுத்து ஒன்றே தவிர ரத்த சம்பந்தம் கிடையாது. படுக்கிற பங்க்கும் தனி.

கேள்வி: ‘காட்ஸ்வாலப்’ என்ற வார்த்தை சோடா பாட்டிலிலிருந்து பிறந்ததாமே? – இன்னொரு வாசகர்

பதில்: அதற்கும் அபத்தம் என்றுதான் பொருள். கழுத்தில் கோலிக்குண்டு வைத்த பாட்டிலுக்கு 1872இல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். ‘வாலப்’ என்றால் கொச்சையில் பீர். பீர் குடிப்பவர்கள் சோடாவை ‘காட் விற்கிற வாலப்’ என்று நக்கலடித்தார்கள், அதுவே வசைச் சொல்லாயிற்று என்று கதை. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1959இல், ஒரு பிபிசி நகைச்சுவைத் தொடரின் வசனத்தில். இடையில் 87 வருஷம் ஒரு துண்டுச் சீட்டில்கூட எட்டிப்பார்க்காமல் அது எங்கே ஒளிந்திருந்தது? பாட்டில் நிஜம், காப்புரிமை நிஜம். மிச்சத்தை நான் வாங்குவதாக இல்லை.