மழையில் பூநாரை வருமா?

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் இருக்கும் என் மகன், கொட்டும் மழையிலும் சனி, ஞாயிறானால் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவான். கார்த்திகையில் ஊருக்கு வருகிறான். பழவேற்காடு ஏரியில் பூநாரை காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். மழை விடுமா?
– ஒரு வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: மழை விடாதம்மா. விட்டாலும் பூநாரை சந்தேகம்தான். அது அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றை அலசித் தின்கிற பறவை. கால் ஊன்றி நிற்க ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். ஆரணியாறும் காளங்கியாறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டும் நேரத்தில் அதற்கு அங்கே என்ன வேலை? தை, மாசியில் தண்ணீர் வடியட்டும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபக்கமும் பாருங்கள்.

அதற்காகப் பையனை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம். நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போங்கள். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் சூளூர்ப்பேட்டை, அப்புறம் ஆட்டோ. நான் தடா மாப்பிள்ளை. அந்தப் பக்கம் எனக்கு அத்துப்படி. அங்கே ஏரித் தண்ணீருக்குள்ளேயே கடம்ப மரங்கள் நிற்கும். அவற்றின் மேல் கூழைக்கடா கூடு கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் முட்டைக்குக் காவல். ஆக, நீங்கள் திட்டுகிற இந்த மழைதான் அவற்றை வரவழைக்கிறது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் பக்கத்துக் கிளைகளில் இருக்கும். கூழைக்கடாக்கள் இரை தேட இங்கிருந்து பழவேற்காட்டுக்குத்தான் பறக்கும்.

உங்கள் மகனுக்கு சஃபோக் கரையில் இருக்கும் மின்ஸ்மியர் பறவைக் காப்பகம் தெரிந்திருக்கும். அதுவும் தண்ணீர் செய்த வேலைதான். இரண்டாம் உலகப்போரில் எதிரி கரையேறக்கூடாது என்று கடலோர நிலத்தை வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். பிரிட்டனில் கூடு கட்டுவதையே நிறுத்தியிருந்த அவோசெட், 1947-ல் சஃபோக் கரைக்குத் திரும்பி வந்து முட்டையிட்டது. கறுப்பு வெள்ளை உடம்பு, மேல்நோக்கி வளைந்த அலகு. அதே இனம் குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கும் வருகிறது. ஆனால் மின்ஸ்மியரில் மழைக்கு ஒதுங்கிப் பார்க்க மரக்குடில் இருக்கும். இங்கே நம் தலைக்குக் குடைதான். குடையைப் பட்டென்று விரிக்காதீர்கள், கூட்டமே எழும்பிவிடும். மங்கலான நிறத்தில் ரெயின்கோட் இருந்தால் உத்தமம். தொலைநோக்கியைத் துடைக்கப் பழைய பருத்தி வேட்டித்துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். பட்டுப்புடவைத் தலைப்பால் துடைக்கும் என் மனைவியை என்னால் திருத்த முடியவில்லை!

கேள்வி: பறவை பார்த்து அலுத்துப்போனால்? பழவேற்காட்டில் வேறென்ன உண்டு?
– அதே வாசகி

பதில்: டச்சுக்காரர்கள் கல்லறை. 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்களின் ஊர் அது. கோட்டையில் பார்க்க இப்போது ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லறைகள் நன்றாகவே நிற்கின்றன. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கும். நனைந்த கல் வழுக்கும், செருப்பில் கவனம். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து.

படகுக்காரர் யாராவது கூப்பிட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். மழைக்காலத்தில் அந்த ஆசையே வேண்டாம்.